அவர் சிமெண்டும் என் வெங்காயமும்

போன வருஷம் ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் நானும் என் கணவரும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம். சொன்னதெல்லாம் நல்ல புத்திதான். இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை என்பது ஒன்றுதான் குறை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். எங்களுக்கு ஊர்கூடத் தேவைப்படவில்லை, எங்கள் வீட்டுக் கூடமே போதுமாக இருந்தது.

எல்லாம் ஒரு மாவுக்கடைக்காக. பெரம்பலூருக்கு வாழ வந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆசை. இந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள், மாற்றலாகி வந்து வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள். சாயங்காலமானால் எல்லோருக்கும் இட்லி மாவு வேண்டும். என் மாவைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் இங்கே வேறு யாரும் இல்லாததால் சொல்கிறேன். ராத்திரி மூடி வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும். எங்கள் தெருவில் பாதிப் பேர் கிண்ணத்தோடு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். காசு கொடுத்தால் நான் வாங்கியதில்லை. இந்தத் தர்மத்தை நிறுத்த வேண்டுமென்றால் கடை போட்டால்தான் முடியும் என்பது என் கணவரின் கருத்து.

ஆனி மாதக் கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை காலியானது. தண்ணீர் இருந்தது, பெரிய கிரைண்டர் ஓடுகிற அளவுக்குக் கரண்டு இருந்தது, வாசலில் வண்டி நிறுத்த இடம் இருந்தது. நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த கடை அப்படியே எதிரே வந்து நின்றது. பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாய்தான் அதற்குச் சொந்தக்காரர். ஆடியில் நாங்கள் புதுசாக எதையும் தொடங்க மாட்டோம் என்பது அவருக்கும் தெரியும்.

"உங்க ஆடி முடியட்டும்மா. ஆவணியில மொத புதன்கிழமை அட்வான்ஸ் குடுத்துடுங்க. செல்போன் கடை போடணும்னு ஒரு தம்பி தினம் வந்து நிக்கிறாரு. புதன்கிழமைக்கு மேல அவரை என்னால நிறுத்தி வைக்க முடியாது" என்றார்.

"கண்டிப்பா குடுத்துடறேன் பாய்."

"இன்ஷா அல்லா. எங்க வூட்லயும் நீங்க வரணும்னுதான் ஆசைப்படறாங்க. உங்க மாவு அப்படி."

கண்டிப்பா என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, கையில் பணம் இல்லை. நகையெல்லாம் எங்கள் புன்செய்க் காட்டில் போர்வெல் போட்டபோதே பேங்குக்கு அடகாகப் போய்விட்டது. மகள் கல்யாணத்துக்கென்று ஒரு டெபாசிட் உண்டு. மகள் இன்னும் காலேஜே முடிக்கவில்லை, கல்யாணப் பேச்சை எடுத்தால் அடிக்க வருகிறாள். ஆனாலும் அந்தப் பணத்துக்குக் கல்யாணப் பணம் என்று பெயர் வைத்துவிட்டோம். பெயர் வைத்த பிறகு அதைத் தொட இரண்டு பேருக்குமே மனசு வராது. மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று அவருடைய சிமெண்ட் கம்பெனிப் பங்கு. மற்றொன்று என்னுடைய சின்ன வெங்காயம். இரண்டையும் விற்றால் அட்வான்ஸும் வரும், கிரைண்டரும் வரும். ஒன்றை மட்டும் விற்றால் போதாது.

முதலில் அவர் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்தவர் கதையைச் சொல்வதுதான் சுலபம். அவர் அரியலூரில் அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காலையில் பஸ் ஏறிப் போய் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவார். சம்பளப் பணத்தை அவர் செலவு செய்வதைப் பார்க்க வேண்டும். கொத்தமல்லிக் கட்டு விலை ஏறினால்கூட ஏன் ஏறியது என்று என்னிடம் விளக்கம் கேட்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு தடவை அரியர் வந்தது. அதே அரசாங்கம் கொடுத்த அதே சம்பளம்தான், தாமதமாக வந்தது, அவ்வளவே. ஆனால் தாமதமாக வந்த காரணத்தால் அது வானத்திலிருந்து விழுந்த பணம் ஆகிவிட்டது. கொத்தமல்லிக்குக் கணக்குக் கேட்டவர், ஒரே நாளில் மொத்தத்தையும் சிமெண்ட் பங்கில் போட்டுவிட்டு வந்தார்.

"ஏங்க, சிமெண்டுல போடணும்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? கண்ணால பாக்கறேன்ல? தினம் எத்தன லாரி போவுது தெரியுமா? பஸ்ஸுக்கு முன்னாடி லாரி, பின்னாடி லாரி. நாடே வூடு கட்டுது!"

அரியலூர்ப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். அங்கே சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் போகாத நேரம் கிடையாது. ஓரத்துப் பனைமரமெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு நிற்கும். அதைத் தினமும் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு போனவருக்கு, உலகத்தில் சிமெண்டைத் தவிர வேறு வியாபாரமே இல்லை என்று தோன்றியிருக்கிறது. திருப்பூரில் வேலை பார்த்திருந்தால் பனியன் கம்பெனியில் போட்டிருப்பார். இதில் லாபம் நஷ்டம் என்று எதையும் அவர் படித்துப் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் விடையை மட்டும் எழுதி வழிமுறை எழுதாமல் விட்டால் பாதி மார்க்கைக் குறைக்கிற மனிதர் அவர்.

பங்கு இறங்கியது. "லாரி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். இன்னும் இறங்கியது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க இன்னொரு வாளியையும் போட்டாற்போல, தீபாவளி முன்பணத்தையும் அதிலேயே போட்டார். போனில் வீடியோ பார்ப்பார். சிமெண்ட் ஏறும் என்று சொல்கிறவரைக் கடைசிவரை பார்த்து, "இவருக்கு விஷயம் தெரியுது" என்பார். இறங்கும் என்று சொல்கிறவரைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். கடைக்குப் பணம் வேண்டும், விற்றுவிடுங்கள் என்று ஆடி முதல் நாளே கேட்டேன்.

"வாங்கின வெல வரட்டும், அன்னிக்கே வித்துடறேன். விக்காத வரைக்கும் நஷ்டம் கெடையாது. இது வெறும் பேப்பர்ல இருக்கற நஷ்டம்" என்றார்.

"அப்ப நானும் மாவுக்கடைய பேப்பர்லயே போட்டுக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு படித்தவர் இவ்வளவு சின்ன விஷயத்தில் இப்படி மாட்டிக்கொண்டு கிடக்கிறாரே என்று பரிதாபமும் வந்தது. என்னைப் பார்த்து அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஏனென்றால் என் வெங்காயம் வேறு விஷயம். அப்படித்தான் நான் நினைத்தேன். பாடாலூர் பக்கம் எனக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த காட்டில் வருஷா வருஷம் சின்ன வெங்காயம் போடுகிறேன். மாசியில் எடுத்து, காயவைத்து, பட்டறை போட்டு வைப்போம். பட்டறை என்றால் எங்கள் பக்கத்தில் வெங்காயத்துக்குக் கட்டுகிற வீடு. தரையிலிருந்து உயர்த்தி, மூங்கில் தப்பைகளை வரிந்து கட்டி, காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிற மாதிரி ஒடுக்கமாக அமைத்து, மேலே கீற்றுப் போட்டு மூடுவோம். நல்ல விலை வரும்வரை வெங்காயம் அதற்குள் இருக்கும். நல்ல விலை எது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

முந்தின வருஷம் ஆடியில் நான் கிலோ நூறைத் தாண்டி விற்றேன். எங்கோ மழை பெய்து மற்றவர்கள் வெங்காயம் போனதால் வந்த விலை அது. ஆனால் அன்றைக்கு அது என் சாமர்த்தியமாகத்தான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இந்த வருஷம் வழக்கமாக வருகிற வியாபாரி பட்டறையைப் பார்த்துவிட்டு நாற்பத்தைந்து என்றார். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. என் மடியிலிருந்து அவர் ஐம்பத்தைந்து ரூபாயைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த ஐம்பத்தைந்து என் மடியில் எப்போதும் இருந்ததில்லை என்பது அப்புறம் யோசித்தால்தானே தெரியும்.

"இன்னிக்கு வெல அதாம்மா. எல்லாருக்கும் அதான் குடுக்கறேன்" என்றார் வியாபாரி.

"எல்லாரு வெங்காயமும் என் வெங்காயமும் ஒண்ணா? நெறத்தப் பாருங்க, பருமனப் பாருங்க."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பக்கத்துக் காட்டு வெங்காயத்தையும் என்னுடையதையும் கலந்து கொட்டினால் எது எதென்று எனக்கே தெரியாது. ஆனால் என் பட்டறையில் இருக்கிற வரைக்கும் அது தனி ஜாதி. அடுத்த வாரம் அவர் நாற்பத்தெட்டு என்றார். பார்த்தீர்களா, ஏறுகிறது என்று வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் நாற்பத்திரண்டு என்றார். இப்போது கொடுத்தால் நாற்பத்தெட்டை விட்ட முட்டாள் ஆகிவிடுவேன் என்று மறுபடியும் வைத்துக்கொண்டேன். ஏறினாலும் விற்கவில்லை, இறங்கினாலும் விற்கவில்லை. நடுவில் செவ்வாய்க்கிழமை, அஷ்டமி, நவமி, கரிநாள் என்று கேலண்டரும் என் பக்கம் நின்றது.

ஆடி நான்காவது ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காட்டுக்குப் போனோம். பட்டறையிலிருந்து லேசாக வாடை வர ஆரம்பித்திருந்தது. அழுகினதைப் பொறுக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதும் கெடும். நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வகுப்பு எடுத்தார். மனசு பணத்தில் எப்படியெல்லாம் ஏமாறும் என்பது பற்றி அப்போது அவர் நிறைய வீடியோ பார்த்திருந்தார்.

"போன வருஷத்து வெலய மனசுல நட்டு வெச்சுட்ட. இந்த வருஷத்து வெலய அதோட நிறுத்து நிறுத்துப் பாக்கற. வெங்காயத்துக்குப் போன வருஷம் ஞாபகம் இருக்குமா? அது பாட்டுக்கு அழுகிப் போவுது, நீ பாட்டுக்குக் காத்துக்கிட்டிருக்க."

அழுகின வெங்காயம் ஒன்று கையில் இருந்தது. அதை அவர் மேல் எறியாமல் விட்டதற்கு நம் பண்பாடுதான் காரணம்.

"நீங்க எந்த வெலய நட்டு வெச்சிருக்கீங்க? வாங்கின வெல வரட்டும், வாங்கின வெல வரட்டும்னு ஒரு வருஷமா அதத்தான் பாடறீங்க. நீங்க என்ன வெலைக்கு வாங்கினீங்கன்னு அந்தக் கம்பெனிக்குத் தெரியுமா?"

"அது வேற."

"என்ன வேற? என் கையில குடுத்துப் பாருங்க, நாளைக்குக் காலையில மார்க்கெட் தொறந்ததும் தீத்துடுவேன்."

"நீ இந்தப் பட்டறைய என்கிட்ட குடு. நாளைக்குச் சாயங்காலம் ஒரு வெங்காயம் இருக்காது."

"சத்தியமா?"

"சத்தியமா."

கையில் அடித்துக்கொண்டோம். அவர் பங்கு எனக்கு, என் வெங்காயம் அவருக்கு. இதைவிட அறிவாளித்தனமான ஏற்பாடு இந்த ஜில்லாவில் நடந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சந்தோஷமாக பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம். வரும்போதே அவர் என் போனில் பங்கு வாங்கி விற்கிற ஆப்பை ஏற்றி, ரகசிய எண்ணையும் சொல்லிக் கொடுத்தார். நான் அவரிடம் வியாபாரியின் நம்பரைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் காபியும் போனுமாக உட்கார்ந்தேன். அவர் ஸ்கூலுக்குப் போய்விட்டார். விற்க வேண்டியதுதான், ஒரு அமுக்கு. ஆனால் போனில் பச்சையாக ஒரு எண் தெரிந்தது. இரண்டு ரூபாய் ஏறியிருந்தது. என் கைக்கு வந்த முதல் நாளே ஏறுகிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரிடம் இருந்தபோது ஏறாதது என்னிடம் ஏறுகிறது என்றால், அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று வைத்தேன். சாயங்காலம் ஒரு ரூபாய் இறங்கி நின்றது. காலையில் பார்த்த விலை வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துவிட்டு, இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்றும் நினைத்தேன். ஆனாலும் விற்கவில்லை.

மறுநாள் காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். அரியலூர் ரோட்டுத் திருப்பத்தில் ஒரு சிமெண்ட் லாரி போனது. நிறைய ஏற்றிக்கொண்டு, மெதுவாக, கம்பீரமாகப் போனது. என் மனசு குளிர்ந்துவிட்டது. பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அடுத்த லாரி வருகிறதா என்று பார்த்தேன்.

பட்டறைப் பக்கம் என்ன நடந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. திங்கட்கிழமை சாயங்காலமே அவர் ஸ்கூல் விட்டு நேரே பாடாலூர் போயிருக்கிறார். வியாபாரி நாற்பத்துமூன்று என்று கேட்டிருக்கிறார். இவர் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த நெறத்துக்கு இவ்ளோ கொறச்சு கேக்கறீங்களே!" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெரிய வெங்காயத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் அளவைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாதவர் அவர். செவ்வாய்க்கிழமை போனவர் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் தானே உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கியிருக்கிறார். புதன்கிழமை வீட்டுக்கு வந்து சட்டையெல்லாம் வெங்காய வாடையோடு, "நம்ம வெங்காயம் லேசுப்பட்டதில்ல" என்றார். நம்ம வெங்காயம்! எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. அது ஆபத்து என்று தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது பாய் போன் செய்தார்.

"அம்மா, செல்போன் கடைத் தம்பி இன்னிக்கு டேப்பு கொண்டாந்து கடைய அளந்துட்டுப் போறாரு. நான் அளக்காதீங்கன்னு சொல்ல முடியல. நீங்க புதன்கிழமை வந்துடுவீங்கல்ல?"

வந்துடுவேன் என்றேன். போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"வெங்காயத்த வித்தாச்சா?"

"நீ பங்க வித்துட்டியா?"

இரண்டு பேரும் ரசத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். என் கடையை யாரோ ஒருவர் டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடத்தில் கிரைண்டர் எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே, எடை மிஷின் எங்கே என்று நான் மனதுக்குள் எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயம் வந்தது.

மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. காலையிலேயே வியாபாரி போன் செய்தார். திருச்சிக்குச் சரக்கு போகிறது, மதியம் வண்டி காட்டுப் பக்கம் வரும், இன்றைக்கு விட்டால் இனி பத்து நாளாகும் என்றார். அன்றைக்கே பங்கை விற்றால்தான் புதன்கிழமைக்குள் பேங்குக்குப் பணம் வரும் என்று இவரும் சொன்னார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

போனால் வியாபாரி வண்டியோடு நிற்கிறார். நாற்பத்துநான்கு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் திறந்துவிட்டார்.

"அதெல்லாம் கட்டுப்படியாவாதுங்க. இத வளத்தெடுக்க எவ்ளோ கஷ்டம் தெரியுமா? போன வருஷம் நூறு ரூவாக்கு மேல போச்சு."

"ஏங்க, குடுத்துடுங்க" என்றேன் நான்.

"நீ சும்மா இரு. நீ மொதல்ல பங்க வித்தியா?"

"அது இப்பத்தாங்க ஏற ஆரம்பிச்சிருக்கு. நேத்துகூட எத்தன லாரி போச்சு தெரியுமா?"

"அது ஏறாது. நான் ஒரு வருஷமா பாக்கறேன்."

"இது மட்டும் ஏறுமா? நான் பொறந்ததுலேருந்து பாக்கறேன்."

வியாபாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், கோச்சுக்காதீங்க. மொதல்ல இது யாரு வெங்காயம்? நான் யாருகிட்ட பேசறது?"

அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. என் கணவருக்கும் தொற்றிக்கொண்டது. பட்டறைக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் பாதி காரணம். இவரிடம் ஐந்து நாள் இருந்ததற்கே இவருக்கு என் வெங்காயம் கண்மணி ஆகிவிட்டது. ஐந்து நாளில் எனக்குச் சிமெண்ட் லாரி சாமி தேராகிவிட்டது. பொருளில் ஒன்றும் இல்லை, கையில் வாங்கியதும் விட மனசு வராத புத்திதான் இரண்டு பேருக்கும் என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"எனக்கு வெங்காயமும் வேணாம், சிமெண்டும் வேணாம். எனக்குக் கடை வேணுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சரி. உன்னுது உங்கிட்ட, என்னுது எங்கிட்ட. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விப்போம். ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கக் கூடாது" என்றார்.

சின்ன வயதில் நாங்கள் கிணற்றில் குதிப்போமே, தனியாகப் பயமாக இருந்தால் பக்கத்தில் நிற்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படி. அவருக்கு அங்கே டவர் கிடைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைத் திண்டின் மேல் ஏறி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வேறு சங்கடம். ஆடி வெள்ளியில் லட்சுமியை வீட்டை விட்டு அனுப்புவதா? ஒரு படி வெங்காயத்தை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். லட்சுமி இதில் இருக்கட்டும், மிச்சமெல்லாம் வெறும் வெங்காயம்.

"ஆச்சா?" என்று மேலிருந்து கத்தினார்.

"நீங்க?"

"சுத்துது... சுத்துது... போயிடுச்சு! வித்துட்டேன்!"

"ஏத்துங்கண்ணே" என்றேன் வியாபாரியிடம். ஆட்கள் கீற்றைப் பிரித்தார்கள். மேலிருந்து இறங்கி வந்தவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாகத் தூக்கிச் சுமந்த மூட்டையைக் கீழே வைத்தவர் மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டார். நஷ்டம்தான். ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தார், விலை கேட்காமல்.

புதன்கிழமை பாய் கையில் அட்வான்ஸைக் கொடுத்தேன். செல்போன் கடைத் தம்பிக்கு இரண்டு தெரு தள்ளி வேறு இடத்தைப் பாயே பார்த்துக் கொடுத்தார். ஆவணியில் நல்ல நாள் பார்த்துக் கடை திறந்தேன். முதல் வாரமே பாத்திரம் போதவில்லை. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து அவரும் உட்கார்ந்து கவரில் மாவு ஊற்றிக் கட்டிக் கொடுப்பார். எடை மிஷினில் எண் கொஞ்சம் கூடக் காட்டினாலும் எடுக்காமல் அப்படியே கட்டுவார். கணக்கு வாத்தியாரா இது என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

புரட்டாசி வந்தது. அவரிடம் ஒரு புதுப் பழக்கத்தைக் கவனித்தேன். சந்தைக்குத் தானே போய்க் காய் வாங்கி வர ஆரம்பித்தார். கேட்டால், உனக்கு ஏது நேரம் என்றார். வீட்டுக்கு வரும் பேப்பரில் ஒரு பக்கம் காணாமல் போனது. எனக்குச் சிரிப்பாக வந்தது. சின்ன வெங்காயம் ஏறிவிட்டது என்று கடைக்கு வந்த ஒரு அக்கா என்னிடம் என்றைக்கோ சொல்லிவிட்டார். நான் காத்திருந்த விலைக்கு அது வரவே இல்லை, ஆனால் நான் கொடுத்ததைவிட நன்றாகவே ஏறியிருந்தது. எனக்கு வலிக்குமே என்று இந்த மனிதர் பேப்பரை ஒளித்துக்கொண்டு திரிகிறார். தெரியாத மாதிரியே இருந்துவிட்டேன். எனக்கும் ஒளிக்க ஒன்று இருந்தது. என் போனில் அந்த ஆப் இன்னும் கிடந்தது. சிமெண்டும் ஏறியிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கடையில் கூட்டம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மாவு வாங்கிக்கொண்டே, "சாம்பார்னு ஆசப்பட்டேங்க்கா, சின்ன வெங்காயம் விக்கிற வெலைக்கு..." என்று ஆரம்பித்தாள். இவர் இருமினார். அவள் விடவில்லை. இவர் இன்னும் பலமாக இருமி, கையிலிருந்த மாவுக் கவரைக் கீழே போட்டார். தரையெல்லாம் மாவு.

"விடுங்க. எனக்கு மொதல்லயே தெரியும்" என்றேன்.

"தெரியுமா? வருத்தமா இல்லியா உனக்கு?"

"உங்க சிமெண்டு ஏறினது உங்களுக்கு வருத்தமா இருக்கா?"

அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏறிடுச்சா? எவ்ளோ?"

சொன்னேன். மனதுக்குள் பெருக்கிப் பார்க்கிறார் என்று உதடு அசைவதிலேயே தெரிந்தது. பிறகு கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து போய்த் துணியை நனைத்து வந்து, கீழே குந்தி உட்கார்ந்து, கொட்டின மாவைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, "இவ்ளோ நாளா என்கிட்ட சொல்லவே இல்லியே நீ" என்று சொல்லி, என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

அந்த நிமிஷம் யாராவது வந்து கடையை விலைக்குக் கேட்டிருந்தால், எவ்வளவு சொன்னாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். நல்லவேளை, யாரும் கடையைக் கேட்கவில்லை. ஒரு கிலோ மாவுதான் கேட்டார்கள்.